தீரன் சின்னமலையும் துப்பாக்கி உரிமமும்

ஒவ்வோர் ஆண்டும் ஆடிப் பெருக்கு நாளில் சங்ககிரி மலைக்கோட்டையிலும், ஈரோடு மாவட்டம் அறச்சலூரை அடுத்த ஓடாநிலையிலும் தீரன் சின்னமலைக்கு மரியாதை செலுத்தப்படுகிறது. கட்சித் தலைவர்கள் மாலை அணிவிக்கிறார்கள். கொங்கு நாட்டின் நெடுஞ்சாலைகள் எங்கும் குதிரை மீது வாளேந்திய அவரது உருவம் பதாகைகளில் மின்னுகிறது. இந்த ஆரவாரத்தில் அவரது வாழ்க்கை எழுப்பிய அடிப்படைக் கேள்வி ஒன்று பேசப்படாமலே போகிறது. ஆயுதம் யார் கையில் இருக்கலாம், அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்பதே அக்கேள்வி.

அதை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிகளாலும் யானைகளாலும் பயிரை இழக்கும் உழவர்கள், தங்கள் தோட்டத்தைத் தாங்களே காத்துக்கொள்ளத் துப்பாக்கி வேண்டும் என்கிறார்கள். மறுபுறம், வெள்ளையன் பறித்த ஆயுதத்தைத் திரும்பப் பெறுவதே வீர மரபுக்கு அழகு என்று சிலர் பேசுகிறார்கள். இரு தரப்பினரும் சின்னமலையைச் சாட்சிக்கு அழைக்கக்கூடும். அவர் வாழ்க்கை உண்மையில் எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது என்பதைப் பார்க்க விரும்புகிறேன்.

காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756 ஏப்ரல் 17-இல் அவர் பிறந்தார். இயற்பெயர் தீர்த்தகிரி. தந்தை ரத்தினம் சர்க்கரை மன்றாடியார், தாய் பெரியாத்தா. பழையகோட்டைப் பட்டக்காரர் மரபைச் சேர்ந்த குடும்பம் அது. வாளும் வேலும் சிலம்பமும் அக்காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியின் ஒரு பகுதி. அவரும் தம்பியரும் அவற்றில் தேர்ந்தனர்.

அன்றைய தென்னாட்டில் ஆயுதம் என்பது என்னவாக இருந்தது என்பதை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பாளையக்காரர்களும் பட்டக்காரர்களும் நிலத்தை ஆண்டதற்கு ஈடாக ஊரைக் காத்தார்கள். வழிப்பறியும் கால்நடைத் திருட்டும் நேராமல் பார்ப்பதற்கென்று காவல் வரி பெற்றார்கள். திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் ஈட்டியும் வாளும் ஏந்திய காவலர்கள் அவர்களிடம் இருந்தனர். ஆக, அன்று ஆயுதம் தனிமனிதனின் உரிமையாகக் கருதப்படவில்லை. அது ஆட்சியின் ஓர் அங்கம். யாரிடம் ஆயுதப் படை இருந்ததோ, அவரிடமே வரி வாங்கும் உரிமையும் இருந்தது. உழுது பிழைத்த எளிய குடியானவனிடமோ, ஊர்க்கோடியில் ஒதுக்கிவைக்கப்பட்டவனிடமோ ஆயுதமும் இல்லை, அதிகாரமும் இல்லை. பழைய காலத்தைப் போற்றும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அன்று கொங்கு நாடு மைசூர் அரசின் கீழ் இருந்தது. இங்கு தண்டிய வரிப்பணம் மைசூருக்குச் சென்றது. அந்தப் பணத்தை இளைஞர் தீர்த்தகிரி வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்கு வழங்கினார் என்பது கொங்கு மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பறித்தவர் யார் என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே உள்ள சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லும்படி அனுப்பிவைத்தாராம். அன்று முதல் அப்பெயரே நிலைத்தது என்பார்கள். இக்கதையின் சாரமும் முன்சொன்னதுதான். வரி வாங்கும் உரிமை யாருடையது என்ற வழக்கை அவர் ஆயுதத்தின் துணையோடு எழுப்பினார்.

ஆயினும், மைசூரோடு அவருக்கு இருந்த பகை நீடிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கை தெற்கே நீண்டபோது எது பெரிய ஆபத்து என்பதை அவர் உணர்ந்தார். 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் கம்பெனிக்குக் கைமாறின. சின்னமலை கொங்கு இளைஞர்களைப் படையாகத் திரட்டித் திப்பு சுல்தானோடு சேர்ந்து நின்றார். மைசூர்ப் படை அன்றைய உலகின் போர்த் தொழில்நுட்பத்தை நன்கு அறிந்திருந்தது. இரும்புக் குழாயில் மருந்து அடைத்துச் செலுத்திய அதன் ஏவுகணைகள் ஆங்கிலேயரையே வியக்கவைத்தன. பின்னாளில் அவர்கள் அவற்றைப் பின்பற்றித் தாங்களும் செய்துகொண்டார்கள். வாளும் வேலும் மட்டும் கொண்டு இனிப் போரிட முடியாது என்ற பாடத்தைச் சின்னமலை அங்கே கற்றிருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன்.

1799 மே 4-இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியின் வசமாயிற்று. சின்னமலை ஊர் திரும்பி ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டார். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு பீரங்கிகள் செய்யும் பணி நடந்ததாகக் கொங்கு வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தோட்டமும் மேய்ச்சல் காடுமாகக் கிடந்த ஒரு வறண்ட பூமியில் பீரங்கி வார்க்க முனைந்தவரின் மனத்துணிவு எளிதானதன்று. கம்பெனியின் படைபலம் அதன் ஆயுதப் பட்டறைகளில் இருந்தது என்பதை அறிந்து, பதிலுக்குப் பட்டறை அமைக்க முயன்றவர் அவர்.

அடுத்த ஆண்டே கோயம்புத்தூர் மோதல் களமாயிற்று. மைசூர்ப் பகுதியில் துந்தாஜி வாக், மலையாளக் கரையில் பழசி கேரளவர்மா, திண்டுக்கல்லில் விருப்பாச்சி கோபால நாயக்கர் எனப் பலர் கம்பெனிக்கு எதிராக ஒன்றுகூடிக்கொண்டிருந்த நேரம் அது. கோயம்புத்தூர்க் கோட்டையை 1800 ஜூன் 3-இல் தாக்குவது என்று கிளர்ச்சியாளர்கள் நாள் குறித்தார்கள். கோட்டைக்குள் இருந்த சிப்பாய்களிடையேயும் ஆதரவு திரட்டப்பட்டது. திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டுவிட, தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பிடிபட்டவர்களில் பலர் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் துந்தாஜி வாக்கும் போரில் மாண்டார்.

தெற்கே மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் 1801-இல் வீழ்த்தப்பட்டனர். அதற்குப் பிறகு கம்பெனி செய்த காரியம், தூக்குமேடைகளைக் காட்டிலும் நீண்டகால விளைவை உண்டாக்கியது. சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் முதல் நாளில் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்சீமைப் பாளையக்காரர்களும் குடிகளும் ஆயுதம் வைத்திருப்பது அதன்படி தடைசெய்யப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. கம்பெனி அரசு அனுமதிப்பவை மட்டுமே விதிவிலக்கு. கூர்ந்து பார்த்தால், இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நாம் விண்ணப்பிக்கும் துப்பாக்கி உரிமத்தின் வித்து இந்த விதிவிலக்கில் இருக்கிறது. எல்லோருக்கும் தடை, அரசு மனம் வைத்தால் சிலருக்கு அனுமதி என்ற ஏற்பாடு அன்றே உருவாகிவிட்டது.

சுற்றிலும் ஆயுதங்கள் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் சின்னமலை தம் ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்தார். 1801-இல் காவிரிக் கரையிலும், 1802-இல் ஓடாநிலையிலும், 1804-இல் அறச்சலூரிலும் கம்பெனிப் படைகளை அவர் எதிர்கொண்டு வென்றதாக வரலாற்று நூல்கள் கூறும். எறிகுண்டுகள் வீசிக் குதிரைப் படையைச் சிதறடித்தார் என்பது மக்களிடையே வழங்கும் செய்தி. கருப்ப சேர்வை, ஓமலூர் சேமலைப் படையாச்சி, பத்தே முகம்மது உசேன் முதலியோர் அவர் படையில் முன்னின்றவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். பல சாதியினரும் இரு சமயத்தினரும் அவருக்காக உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பதை, அவரை ஒரு சாதியின் சின்னமாகச் சுருக்குவோர் மறந்துவிடுகிறார்கள்.

அவர்களுள் பொல்லான் என் மனத்தில் தனி இடம் பெற்றவர். அருந்ததியர் சமூகத்தில் பிறந்த அவர், கம்பெனி முகாம்களின் நடமாட்டத்தை அறிந்து காலணிக்குள் செய்தியை மறைத்து அனுப்பினார் என்பது மரபு. அது கண்டறியப்பட்டதும் ஆங்கிலேயர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஓடாநிலையின் போரில் துப்பாக்கி ஏந்தாமல் பங்கெடுத்து, துப்பாக்கிக்கு இரையானவர் அவர். ஆயுத வீரத்தை மட்டுமே பாடும் நினைவு மரபில் பொல்லானின் பெயர் மிகத் தாமதமாகவே இடம்பெற்றது.

இறுதியில் பெரும் பீரங்கிப் படை ஓடாநிலையை நோக்கி வந்தது. எதிர்த்து நிற்பதில் பயனில்லை என்று கண்ட சின்னமலை கோட்டையை விட்டு வெளியேறி, பழனி மலைத் தொடரைச் சேர்ந்த கருமலைப் பக்கம் மறைந்து வாழ்ந்தார். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. சமையற்காரன் ஒருவனின் துரோகத்தால் அவரும் தம்பியரும் பிடிபட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. சங்ககிரிக் கோட்டையில் பெயரளவுக்கு ஒரு விசாரணை நடந்தது. 1805 ஜூலை 31, ஆடிப் பெருக்கு நாளன்று, அவர் தூக்கிலிடப்பட்டார். தம்பியரும் கருப்ப சேர்வையும் உடன் மாண்டனர். அவருக்கு வயது 49.

அவருக்குப் பின் கொங்கு நாட்டில் ஆயுதம் ஏந்திய எதிர்ப்பு ஓய்ந்தது. ஊர்க்காவல் கம்பெனியின் காவலர்களிடம் சென்றது. 1857 பெருங்கிளர்ச்சிக்குப் பின் இந்த அச்சம் நாடு முழுமைக்குமான சட்டமாக விரிந்தது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. சட்டத்தின் நோக்கம் பொதுமக்களின் பாதுகாப்பு என்றால் தோலின் நிறம் பார்த்து விலக்கு தருவானேன்? ஆட்சியின் பாதுகாப்பே நோக்கம் என்பது அதிலேயே வெளிப்பட்டது. காந்தியடிகளும் 1918-இல் அச்சட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தார்.

கொங்கு நாட்டுக்கு வடமேற்கே, நீலகிரிக்கு அப்பால் உள்ள குடகு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மைசூர், குடகுப் பகுதிகளின் ஆணையராக இருந்த மார்க் கப்பன், 1861-இல் குடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு அளித்தார். அவர்கள் அரசுக்கு விசுவாசமாக இருந்ததற்கான பரிசு அது. அந்த விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-இல் அதை ஏற்றது. ஒரு நிலத்தில் கிளர்ந்தவர்கள் ஆயுதம் இழந்தார்கள். அருகிலுள்ள நிலத்தில் இணங்கியவர்கள் வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் அளவுகோல் அந்நிய ஆட்சியின் வசதியே.

இந்த வரலாற்றைப் படிப்பவர், விடுதலை பெற்றதும் துப்பாக்கியை அடிப்படை உரிமையாக்கியிருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. விடுதலை இயக்கமும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் நினைத்தது. 1931 கராச்சி மாநாட்டில் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெற்றிருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அரசமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. குற்றவாளிகள் உட்பட எல்லோரும் உரிமையாகக் கோரக்கூடிய ஒன்றாக ஆயுதத்தை ஆக்குவது தகாது என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே அரசமைப்பின் 19-ஆவது பிரிவில் இடம்பெற்றது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. சின்னமலை 35 வயது இளைஞராக இருந்த 1791-இல், அந்நாடு ஆயுதம் தாங்கும் உரிமையைத் தன் அரசமைப்பின் இரண்டாம் திருத்தமாகச் சேர்த்தது. 2008-இல் அதன் உச்சநீதிமன்றம் அதைத் தனிமனித உரிமையென்றே உறுதிசெய்தது. அந்நிய ஆட்சியை ஆயுதத்தால் விரட்டிய பெருமிதம் அங்கே சட்டமாயிற்று. அதற்கு அந்நாட்டுப் பள்ளிக் குழந்தைகள் தரும் விலையை நாம் செய்திகளில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் பார்வையில் அம்பேத்கரின் முடிவே சின்னமலையின் போராட்டத்துக்கும் பொருத்தமான விடை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று அவர் போரிடவில்லை. இந்த மண்ணின் படையும் வரியும் காவலும் இந்த மண்ணுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களிடம் இருக்க வேண்டும் என்பதே அவர் எழுப்பிய வழக்கு. அந்த வழக்கு 1950-இல், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற ஏற்பாட்டில் தீர்ந்தது. பட்டக்காரருக்கும் இல்லாத ஓர் அதிகாரம் பொல்லானின் வழித்தோன்றலுக்கும் கிடைத்தது. துப்பாக்கியைப் பொதுவுடைமையாக்கியிருந்தால் அது மீண்டும் நிலமும் பணமும் உள்ளவர் கையில்தான் குவிந்திருக்கும்.

ஆனால், வாதம் இத்துடன் முடிந்துவிடவில்லை. அந்நியனின் தடையை நாம் நம்முடைய சட்டமாக ஏற்றுக்கொண்டோம் என்றால், அதை நடத்தும் முறையும் நம்முடையதாக மாற வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்த நோக்கத்தோடுதான் இயற்றப்பட்டது. நேர்மையான காரணம் உள்ள குடிமகனுக்கு உரிமம் கிடைக்க வழி உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் தர அச்சட்டம் வகை செய்கிறது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. திருமணத்திலும் திருவிழாவிலும் ஆரவாரத்துக்காகப் பிறருக்கு ஆபத்து நேரும்படி சுடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எழுத்தளவில் இவை நியாயமான விதிகள்.

நடைமுறையில், உரிமம் பெற்ற துப்பாக்கி பாதுகாப்புக் கருவி என்பதைவிட அந்தஸ்தின் அடையாளமாகப் பலருக்கு ஆகிவிட்டது. தொண்டாமுத்தூரிலோ காரமடையிலோ சத்தியமங்கலத்திலோ நான்கு ஏக்கரில் வாழையும் மக்காச்சோளமும் வைத்திருப்பவருக்கு, விண்ணப்பத்தின் கதி என்ன என்று கேட்டு நடக்கும் நாள்கள்தான் மிஞ்சுகின்றன. உரிமமே கிடைத்தாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவர் விலங்கைச் சுட முடியாது; வெடித்து விரட்டலாம், அவ்வளவே. வழி அடைபட்ட இடத்தில் கள்ளத்தனம் நுழைகிறது. உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கியும், வேலியில் திருட்டு மின்சாரமும், தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயும் அப்படி வந்தவை. அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் பட்டினியால் மெல்ல மெல்லச் சாவதைக் கோவை வனப்பகுதி கண்டிருக்கிறது. மின்வேலிகளில் மனிதர்களும் மடிந்திருக்கிறார்கள்.

அண்டை மாநிலமான கேரளம் 2022-இல் ஒரு வழி கண்டது. உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் தந்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதித்தது. தமிழக அரசு 2025-இல், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது. துப்பாக்கியைப் பயிற்சி பெற்ற அரசுப் பணியாளரிடம் நிறுத்திய தமிழகத்தின் முடிவு சரியானது என்றே கருதுகிறேன். ஆனால், அழைத்த இரவில் பணியாளர் வர வேண்டும். வராவிட்டால் அந்த ஆணை வெறும் தாளாகிவிடும். நாட்டுத் துப்பாக்கிக்குத் தேவை மீண்டும் பிறக்கும்.

குடிமகனிடமிருந்து ஆயுதத்தை விலக்கிவைக்கும் அரசு, அவனைக் காக்கும் கடமையைத் தான் ஏற்கிறது. அன்றைய காவல் வரிக்கும் அதுவே பொருள். எனவே, உரிமம் கேட்பவருக்குக் குறித்த காலத்துக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும். பயிர் இழப்புக்கான இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். செல்வாக்குள்ளவரின் இடுப்புத் துப்பாக்கிக்கும் மலையோரத்தான் ஒளித்துவைத்த நாட்டுத் துப்பாக்கிக்கும் ஒரே சட்டம் ஒரே கடுமையோடு பாய வேண்டும். இவை நடந்தால், கிளைவின் பிரகடனத்தில் பிறந்த உரிமம் ஒரு குடியரசின் ஆவணமாகும்.

ஓடாநிலையில் இன்று அரசு எழுப்பிய மணிமண்டபம் நிற்கிறது. 2005 ஜூலை 31-இல் இந்திய அஞ்சல் துறை சின்னமலைக்குத் தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அவரைத் தூக்கிலிட்ட அரசு போய்விட்டது. அவரைப் போற்றும் அரசு வந்திருக்கிறது. அந்த அரசிடம் ஆண்டுக்கு ஒரு மாலையோடு நிறைவடையாமல், மலையடிவாரத்து உழவனின் மனுவுக்கும் உரிய நாளில் பதில் கேட்பதே அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.